கெர்னல் டிரைவரில் எல்லாத் தோல்விக்கும் ஈநோமெம் திருப்பலாமா?

ஆரல்காற்று எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நாகர்கோவிலில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளின் கியர்பாக்ஸ் அதிர்வை விடாமல் அளந்து அனுப்புகிற பெட்டி செய்கிறோம். உள்ளே ராஸ்பெர்ரி பை, 64 பிட் லினக்ஸ், சென்சார் சிக்னலை எண்ணாக மாற்றும் எங்கள் ஏடிசி போர்டு, அதற்கென்று நாங்களே எழுதிய கெர்னல் டிரைவர். டிவைஸைத் திறக்கும்போது டிரைவர் 8 எம்பி டிஎம்ஏ பஃபரை (சிபியு தலையிடாமல் போர்டே நேராக எழுதும் மெமரி) டிஎம்ஏ_அல்லாக்_கோஹெரன்ட் வழியாக வாங்கும், பைத்தான் புரோகிராம் அதை எம்மேப் செய்து, அதாவது தன் முகவரி வெளியில் இணைத்து, படிக்கும், மூடும்போது பஃபர் திரும்பப் போய்விடும். எழுதியவர் வேலை மாறிப் போய்விட்டார், இப்போது டிரைவர் என் கையில்.

சிக்கல் இதுதான். பெட்டி பூட் ஆன புதிதில் ஒரு தொல்லையும் இல்லை. நாள்கணக்கில் ஓடிய பிறகு சர்வீஸை நிறுத்தி மறுபடி தொடங்கினால் ஓப்பன் தோற்றுப்போகிறது, எரர் 12 (ஈநோமெம்), மெமரி ஒதுக்க முடியவில்லை என்று வருகிறது. ஃப்ரீ கமாண்ட் போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் மெமரி சும்மா கிடக்கிறது. கொஞ்ச நேரம் விட்டு முயன்றால் சிலசமயம் கிடைத்துவிடும், சிலசமயம் ரீபூட் தவிர வழியில்லை. கணவாய் வழியாகக் காற்று முழு வேகத்தில் அடிக்கிற ஜூன், ஜூலையில் அதிர்வு டேட்டா விட்டுப்போனால் வாடிக்கையாளர் ஏற்க மாட்டார், அது நியாயமும்கூட.

டிரைவருக்குள் போய்ப் பார்த்தால், எங்கே எது தோற்றாலும் ஒரே லேபிளுக்குத் தாவி மைனஸ் ஈநோமெம் திருப்புகிறது (கெர்னலுக்குள் எரர் எண்ணை மைனஸ் போட்டுத்தான் திருப்புவது). பஃபர் கிடைக்கவில்லை என்றாலும் அதே 12, புரோகிராம் தப்பான அளவு கேட்டாலும் அதே 12, வேறொரு புரோகிராம் டிவைஸை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தாலும் அதே 12. எம்மேப்பில் மட்டும், என்ன தோற்றாலும் ஈஅகெய்ன், அதாவது மறுபடி முயன்று பார் என்கிற 11. டவர் அடியில் நின்று போன் செய்கிற பையன் "அண்ணே, 12ன்னு வருது, என்ன செய்ய?" என்று கேட்டால் என்னால் ஒன்றும் சொல்ல முடிவதில்லை. இன்னொன்று, எப்போதாவது பைத்தான் புரோகிராம் தொடக்கத்திலேயே சிபியு முழுவதையும் தின்றுகொண்டு அப்படியே நிற்கிறது, எரரும் இல்லை டேட்டாவும் இல்லை.

மெமரி காலியாக இருக்கும்போது 12 ஏன் வருகிறது? டிரைவரில் எந்த இடத்தில் எந்தக் கோடு திருப்புவது சரி? மேலே இருப்பவர்கள் "தோல்வி என்றால் தோல்விதான், எந்த நம்பராக இருந்தால் என்ன" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வேளிமலை எழுதியது:

வணக்கம் தம்பி. முதலில் உங்கள் 12 எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம், நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கும் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

8 எம்பி என்றால் 4 கேபி பக்கங்களாக 2048. சிதறிக் கிடக்கும் பக்கங்களைத் தொடராகக் காட்டும் ஐஓஎம்எம்யு உங்கள் போர்டுக்குத் துணை இல்லாதவரை அந்த 2048 பக்கமும் அடுத்தடுத்து ஒரே தொடராக வேண்டும். கெர்னலின் வழக்கமான பக்க ஒதுக்கீடு, 4 கேபி பக்கம் வைத்து வழக்கமாக பில்ட் செய்த கெர்னலில், ஒரே துண்டாக அதிகபட்சம் 4 எம்பிதான் தரும். அதற்கு மேல் என்றால் சிஎம்ஏ என்ற ஒதுக்கிவைத்த பகுதியிலிருந்து வர வேண்டும். யாரும் கேட்காத நேரத்தில் கெர்னல் அந்தப் பகுதியைச் சும்மா போட்டுவைக்காது. ஃபைல் கேஷ், புரோகிராம்களின் சொந்த மெமரி மாதிரி, இடம் மாற்றக்கூடிய பக்கங்களுக்கு இரவல் கொடுத்திருக்கும். டிரைவர் வந்து கேட்டதும் அவற்றை வேறு இடத்துக்குப் பெயர்த்துவிட்டு இடத்தைக் காலிசெய்து தரும். பெயர்க்க வேண்டிய பக்கத்தை அந்த நேரத்தில் வேறு யாராவது பிடித்துவைத்திருந்தால் பெயர்க்க முடியாது, அப்போது உள்ளே வரும் கோடு ஈபிஸி, அதாவது மைனஸ் 16. சிஎம்ஏ அடுத்த துண்டைப் பார்க்கும், அதுவும் மாட்டினால் அதற்கடுத்தது, ஒன்றும் தேறாவிட்டால் கைவிரிக்கும்.

பிரச்சினை இதற்குப் பிறகுதான். சிஎம்ஏ_அல்லாக் திருப்புவது ஒரு பாயின்டர், தோற்றால் நல் பாயின்டர், அதாவது வெற்று முகவரி. அந்த 16 அதோடு போயிற்று. அதன் மேலே இருக்கும் டிஎம்ஏ_அல்லாக்_கோஹெரன்டும் நல் பாயின்டர்தான் தரும். உங்கள் டிரைவர் அதைப் பார்த்து வழக்கப்படி 12 என்று சொல்கிறது. "இடமே இல்லை" என்பதற்கும் "இடம் உண்டு, இப்போதைக்கு நகர்த்த முடியவில்லை" என்பதற்கும் பெட்டியில் செய்ய வேண்டியது வேறு வேறு. கொஞ்சம் பொறுத்து முயன்றால் கிடைக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால் எனக்கு 16 மீதுதான் சந்தேகம். கெர்னலின் லாகான டிமெசேஜில் தேடிப் பாருங்கள், சிஎம்ஏ தோற்றால் கேட்ட பக்க எண்ணிக்கையையும் கடைசியில் ரெட் என்று போட்டு கோடையும் ஒரு வரியாக எழுதும். அங்கே 2048 பக்கமும் மைனஸ் 16உம் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

மருந்து எளிது. ஓப்பனில் வாங்கி குளோஸில் விடுவதை நிறுத்துங்கள். டிரைவர் ஏறும்போதே, புரோபில் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பூட் ஆன புதிதில் சிஎம்ஏ பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். அதுவும் போதாது என்றால், ஹார்டுவேரை கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் உங்கள் போர்டுக்கென்று தனி ரிசர்வ்டு மெமரி எழுதிவிடலாம், 8 எம்பி அந்தப் பெட்டிக்கு ஒரு பாரமே இல்லை.

இனி கோடுகள். நான் டிரைவர் எழுதும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: இதை வாங்குகிற புரோகிராம் அடுத்து என்ன செய்ய வேண்டும்? கேட்ட அளவே தப்பு என்றால் ஈஇன்வால், அதைத் திருத்தாமல் எத்தனை தடவை வந்தாலும் நடக்காது. டிவைஸை இன்னொருவர் வைத்திருந்தால் ஈபிஸி, அவர் விட்டதும் வரலாம். யூசர் கொடுத்த முகவரி செல்லாது என்றால் ஈஃபால்ட், அது புரோகிராமில் இருக்கிற பக். போர்டே கழன்றுவிட்டது என்றால் ஈநோடெவ், முயல்வதை நிறுத்திவிட்டு ஆளை அனுப்ப வேண்டும். உண்மையாகவே ஒதுக்கீடு தோற்ற இடத்தில் மட்டும் ஈநோமெம். கோட்டாறு சந்தையில் கடைக்காரர் "இல்லை" என்று மட்டும் சொன்னால் நாம் அடுத்த கடைக்குப் போவதா, சாயங்காலம் வருவதா, வேறு சரக்கு கேட்பதா என்று தெரியாமல் நிற்போமே, உங்கள் பைத்தான் புரோகிராம் இப்போது அப்படித்தான் நிற்கிறது.

இரண்டு இடம் தனியாகப் பாருங்கள். காப்பி_டு_யூசர், காப்பி_ஃப்ரம்_யூசர் இரண்டும் எரர் கோடு திருப்புவதில்லை, காப்பி ஆகாமல் மிஞ்சிய பைட் எண்ணிக்கையைத் திருப்பும். அதை அப்படியே மேலே அனுப்பினால் பாசிட்டிவ் எண்ணாகப் போய், ரீட் செய்தவன் அத்தனை பைட் படித்ததாக நம்பிவிடுவான். பூஜ்யம் இல்லையென்றால் மைனஸ் ஈஃபால்ட் என்று நீங்களே மாற்ற வேண்டும். இரண்டாவது, பாயின்டர் திருப்பும் ஃபங்ஷன்களில் சில நல் தரும், சில எரரை பாயின்டருக்குள்ளேயே பொதிந்து தரும். முகவரி வெளியின் கடைசி 4095 எண்கள் அதற்கென்று விட்டவை, ஐஎஸ்_எர் என்று சோதித்து பிடிஆர்_எர் போட்டு கோடை எடுக்க வேண்டும். ஐஎஸ்_எர் நல் பாயின்டரை எரராகக் கருதாது. கேமல்லாக் (கெர்னலுக்குள் மெமரி வாங்குவது, தோற்றால் நல்) தந்ததை ஐஎஸ்_எர் போட்டுச் சோதிக்கிற வரி ஒன்று இருந்தாலும் ஒருநாள் கெர்னலே விழுந்துவிடும், தேடிப்பாருங்கள்.

குளச்சல்கரை எழுதியது:

வேளிமலை அண்ணன் சொன்ன மெமரி விளக்கம் சரி. ஆனால் கோடுகளை மாற்றுவதில் கொஞ்சம் நிதானம் வேண்டும் என்பது என் கட்சி. படகுகளுக்கான கருவிகளில் வேலை செய்கிறேன், ஒருமுறை கடலுக்குப் போன பெட்டிக்கு அப்டேட் போடுவது லேசில்லை, பழைய புரோகிராமும் புது டிரைவரும் சேர்ந்து ஓடும் நிலை எப்போதும் இருக்கும்.

களத்தில் இருக்கும் பைத்தான் புரோகிராம் 12 வந்தால் ஒரு வழியில் நடக்கப் பழகியிருக்கும். நீங்கள் நல்லெண்ணத்தோடு 22 (ஈஇன்வால்) என்று மாற்றினால் அது அந்த வழியை விட்டுவிடும். எரர் கோடும் இன்டர்ஃபேஸில் ஒரு பகுதி. 2012 டிசம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னல் மெயிலிங் லிஸ்டில் அவ்வளவு கடுமையாக எழுதியது இதே மாதிரி விஷயத்துக்குத்தான். வீடியோ டிரைவர் பகுதியில் ஓர் ஐஆக்டலில் (டிவைஸுக்குத் தனிக் கட்டளை அனுப்பும் வழி) இருந்து ஈநோஎன்ட், அதாவது அப்படி ஒரு ஃபைல் இல்லை என்ற கோடு, வரத் தொடங்கியதும் பயனர் புரோகிராம்கள் உடைந்தன, அந்தக் கோடு ஐஆக்டலில் இருந்து வரவே கூடாது, யூசர் பக்கத்தை உடைக்காதே என்பதுதான் அவர் சொன்னது.

அப்புறம், ஈநோமெம் குழப்பம் உங்கள் டிரைவரோடு நிற்கவில்லை, கெர்னலின் மெமரி பகுதியே அப்படித்தான் இருக்கிறது. எம்மேப் 12 தந்தால் மெமரி இல்லை என்று நினைப்போம், ஆனால் ஒரு புராசஸ் வைத்திருக்கக்கூடிய மேப்பிங் எண்ணிக்கை தாண்டினாலும் 12தான், வழக்கமான வரம்பு 65530. எம்அன்மேப்கூட 12 தரும். மெமரியைத் திருப்பிக் கொடுக்கப் போனவனுக்கு மெமரி இல்லையாம்! நடுவில் ஒரு துண்டை எடுத்தால் ஒரு மேப்பிங் இரண்டாக உடையும், வரம்பைத் தாண்டும், அதனால். மெமரியின் அனுமதிகளை மாற்றும் எம்புரொடெக்ட் 12 தந்தால் நீங்கள் கொடுத்த எல்லைக்குள் மேப் ஆகாத ஓட்டை இருக்கிறது என்றும் பொருள் இருக்கலாம். மேன் பேஜைப் படிக்காமல் இதையெல்லாம் யாரும் ஊகிக்க முடியாது. இவ்வளவு பெரிய கெர்னலே பழைய கோடுகளை விடாமல் வைத்திருக்கிறது என்றால் காரணம் உண்டு.

அதனால் என் யோசனை, திருப்பும் கோடைத் தொடாதீர்கள், டிமெசேஜில் காரணத்தை விளக்கமாக எழுதுங்கள்.

தோவாளைப்பூ எழுதியது:

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் தினமும் ரயிலில் போய்வருகிறேன், கெர்னல் பக்கம்தான் வேலை, இந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குளச்சல்கரை அண்ணா சொல்வது கெர்னலின் பொது சிஸ்டம் கால்களுக்கு (புரோகிராம்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) முழுக்கச் சரி, ஆயிரம் பேர் எழுதிய புரோகிராம்கள் அவற்றை நம்பி இருக்கின்றன. ஆரல்காற்று அண்ணன் டிரைவரைப் பயன்படுத்துவது அவர்களுடைய ஒரே ஒரு புரோகிராம். இரண்டையும் சேர்த்து ஒரே அப்டேட்டில் அனுப்பலாம். இங்கே பழைய கோடைக் காப்பாற்றி யாருக்கும் லாபமில்லை. டிமெசேஜ் மட்டும் போதும் என்பதும் சரிவராது, மனிதன் அதைப் படிப்பான், புரோகிராம் படிக்காது. ராத்திரி ஆளில்லாத நேரத்தில் முடிவெடுக்க வேண்டியது புரோகிராம்தான்.

கெர்னலே இந்த இரண்டு வழியிலும் நடந்திருக்கிறது. பக்கங்களை ரேமிலேயே பூட்டிவைக்கும் எம்லாக்கின் சோர்ஸில் ஒரு சின்ன ஃபங்ஷன் உண்டு, அதன் வேலையே கோடை மாற்றுவதுதான். உள்ளே இருந்து ஈஃபால்ட் வந்தால் அதை ஈநோமெம் ஆக்கும், ஈநோமெம் வந்தால் ஈஅகெய்ன் ஆக்கும். யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பாசிக்ஸ் தரப்படி எம்லாக்கில் ஈநோமெம் என்றால் அந்த முகவரியில் ஒன்றும் மேப் ஆகவில்லை என்று பொருள், பூட்ட முடியாமல் போனதற்கு ஈஅகெய்ன். அதனால் யூசருக்குப் போகும் வாசலில் மட்டும் மாற்றுகிறார்கள், உள்ளே உண்மையான கோடே ஓடுகிறது. இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: டிரைவருக்குள் கீழிருந்து வந்த கோடை அப்படியே மேலே கடத்துங்கள், மாற்றியே ஆக வேண்டும் என்றால் யூசருக்குப் போகிற கடைசி இடத்தில் மட்டும், ஏன் என்று ஒரு கமென்டோடு மாற்றுங்கள்.

மறுபக்கம், லினக்ஸ் 6.1இல் எம்அட்வைஸுக்கு (மெமரியை எப்படிக் கையாளலாம் என்று கெர்னலுக்குச் சொல்லும் அழைப்பு) வந்த கொலாப்ஸ் வசதியைப் பாருங்கள். சின்னப் பக்கங்களைச் சேர்த்து ஒரு பெரிய பக்கமாக மாற்றச் சொல்லும் வேலை அது. பெரிய பக்கம் ஒதுக்க முடியாவிட்டால் ஈநோமெம், சிகுரூப் (புராசஸ் குழுவுக்கு வைக்கும் வள வரம்பு) இடித்தால் ஈபிஸி, பக்கத்தைத் தற்காலிகமாகப் பூட்டவோ பிரிக்கவோ முடியாவிட்டால் ஈஅகெய்ன், மற்றதெல்லாம் ஈஇன்வால். எம்அட்வைஸின் பழைய வழக்கத்திலிருந்து விலகுகிறோம், அழைப்பவர் தோல்விக்கு ஏற்ற மாற்று வழி எடுக்க உதவியாக இருக்கட்டும் என்று சோர்ஸ் கமென்டிலேயே காரணம் எழுதியிருக்கிறார்கள். வேளிமலை அண்ணன் கேட்கிற அதே கேள்வி. எம்மேப்பிலும் 4.17இல் வந்த நோரிப்ளேஸ் கொடி அப்படித்தான், கேட்ட இடத்தில் ஏற்கெனவே மேப்பிங் இருந்தால் ஈஎக்ஸிஸ்ட் என்று தெளிவாகச் சொல்லும்.

கோடு தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மோசமான உதாரணம் பிபிஎஃப், கெர்னலுக்குள் சின்ன புரோகிராம்களை ஓடவிடும் வசதி. 5.11க்கு முந்தைய கெர்னல்களில் பிபிஎஃப் மேப் (அவற்றின் டேட்டா அட்டவணை) உருவாக்கும்போது மெம்லாக் வரம்பு, அதாவது ரேமில் பூட்டக்கூடிய அளவு, போதவில்லை என்றால் ஈபெர்ம் வரும். அனுமதி இல்லை என்று படிக்கிறவர்கள் ரூட் ஆகிப் பார்ப்பார்கள், கேப்பபிலிட்டி சேர்ப்பார்கள், செக்யூரிட்டி மாட்யூலை நிறுத்துவார்கள், அந்த வரம்பைக் காட்டும் யுலிமிட்டைப் பார்க்கத் தோன்றவே தோன்றாது. 5.11இல் மெமரிக் கணக்கை சிகுரூப்புக்கு மாற்றிய பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. ஃபோர்க்கிலும் ஒன்று உண்டு, பிஐடி நேம்ஸ்பேஸின் (தனி புராசஸ் எண்கள் உள்ள வட்டம்) முதல் புராசஸான இனிட் செத்துப்போன பிறகு அதற்குள் புது புராசஸ் உருவாக்கப் போனால் ஈநோமெம். ரேம் எத்தனை ஜிபி இருந்தாலும் அதே 12.

இப்போது அந்த சிபியு தின்னும் பிரச்சினை. எம்மேப்பில் எது தோற்றாலும் ஈஅகெய்ன் என்றீர்களே, பழைய டிரைவர் பாடங்களில் ரீமேப் (பஃபரை யூசர் முகவரியோடு இணைப்பது) தோற்றால் அப்படித் திருப்பும் வரி உண்டு, அங்கிருந்து காப்பி ஆகி எத்தனையோ டிரைவர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிஎம்ஏ_எம்மேப்_கோஹெரன்ட், பஃபரை விடப் பெரிய அளவு கேட்டால் ஈஎன்எக்ஸ்ஐஓ, அதாவது 6 தரும். உங்கள் டிரைவர் அதை 11 ஆக்குகிறது. பைத்தான் 11ஐப் பார்த்ததும் பிளாக்கிங்ஐஓஎரர் எழுப்பும், அதைப் பிடித்து மறுபடி முயல்கிற லூப் உங்கள் புரோகிராமில் இருந்தால் அது கடைசிவரை சுற்றும். கான்ஃபிக் ஃபைலில் 8க்குப் பதில் 16 எம்பி என்று போட்ட பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

திருவட்டாறு எழுதியது:

இடையில் ஒரு சின்ன தகவல். இந்த எரர் எண்கள் யூனிக்ஸ் வழி வந்தவை. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் கையேட்டிலேயே 12 என்றால் போதிய கோர் (மெமரி) இல்லை, 11 என்றால் இனி புராசஸ் இல்லை. புராசஸ் வரம்பு தாண்டினால் ஃபோர்க் இன்னும் 11 தருவது அந்தக் காலத்து மிச்சம். மாக் என்ற இன்னொரு கெர்னலில் முகவரி வெளியில் இடமில்லை என்பதற்கு நோ ஸ்பேஸ் 3, வளம் தட்டுப்பாடு என்பதற்கு ரிசோர்ஸ் ஷார்ட்டேஜ் 6 என்று தனித்தனியாகப் பிரித்திருந்தார்கள். விண்டோஸிலும் கமிட் வரம்பு தாண்டியது, பேஜ்ஃபைல் கோட்டா தாண்டியது, மெமரி இல்லை எல்லாவற்றுக்கும் வேறு வேறு ஸ்டேட்டஸ். செய்ய முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மார்த்தாண்டம்_மாணவி எழுதியது:

தோவாளைப்பூ அக்கா, ஒரு சந்தேகம். மால்லாக் செய்யும்போது லினக்ஸ் உடனே பக்கம் தருவதில்லை, தொடும்போதுதான் தருகிறது என்று கிளாஸில் படித்தோம். தொடும்போது மெமரி இல்லையென்றால் எரர் கோடு எங்கே போகும்? ஒரு வேரியபிளில் எழுதுகிற வரிக்கு ரிட்டர்ன் வேல்யூவே கிடையாதே?

தோவாளைப்பூ எழுதியது:

நல்ல கேள்வி மக்ளே. போக இடமில்லை, அதனால் கோடே கிடையாது. பேஜ் ஃபால்ட்டில், அதாவது அப்படித் தொடும்போது, பக்கம் கிடைக்காவிட்டால் கெர்னல் முதலில் வேறு பக்கங்களைப் பிடுங்கிப் பார்க்கும், முடியாவிட்டால் ஓஓஎம் கில்லர் ஏதாவது ஒரு புராசஸைக் கொல்லும், அது உன் புராசஸாகவும் இருக்கலாம். கெர்னலுக்குள்ளே கேட்கிற சின்ன ஒதுக்கீடுகளும், 8 பக்கம் வரைக்கும், சாதாரணமாகத் தோற்பதில்லை, யாரையாவது கொன்றாவது இடம் பிடித்துத் தந்துவிடும். முன்கூட்டியே 12 வேண்டும் என்கிறவர்கள் இருப்பதைவிட அதிகமாக மெமரி வாக்குக் கொடுக்கலாமா என்று சொல்லும் ஓவர்கமிட் செட்டிங்கை 2க்கு மாற்றுவார்கள், அப்போது எம்மேப் செய்யும்போதே வரம்பு பார்த்து மறுத்துவிடும். ஃபைலை எம்மேப் செய்து அதன் முடிவைத் தாண்டிய பக்கத்தைத் தொட்டால் சிக்பஸ் சிக்னல், அதுவும் கோடு இல்லை.

கெர்னலுக்குள் ஃபால்ட் ஹேண்ட்லருக்கு ஒரு ரிட்டர்ன் வேல்யூ உண்டு, ஆனால் அது எரர் எண் கிடையாது, பிட் கொடிகள். ஓஓஎம் 1, சிக்பஸ் 2, மேஜர் 4, ஹார்டுவேர் பாய்சன் 16 என்று போகும். முன்பு ஹேண்ட்லர் சாதாரண இன்ட் திருப்பியதால் சில டிரைவர்கள் வழக்கம்போல மைனஸ் ஈநோமெம் என்று எழுதிவிட்டன, கம்பைலரும் விட்டுவிட்டது. மைனஸ் 12ஐ இருமத்தில் எழுதிப் பார், கடைசி எட்டு பிட் 11110100. ஓஓஎம் பிட் 0, சிக்பஸ் பிட் 0, ஆனால் ஹார்டுவேர் பாய்சன் பிட் 1! மெமரி இல்லை என்று டிரைவர் சொன்னதை, ரேம் சிப்பே பழுது என்று கெர்னல் படிக்கும். 2018இல் 4.17இல் இதற்கென்று விஎம்_ஃபால்ட்_டி என்று தனி டைப் கொண்டுவந்து டிரைவர்களை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். கோடு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை டைப்பே சொல்லட்டும் என்ற அந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆரல்காற்று எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டிமெசேஜைத் தேடினேன், வேளிமலை அண்ணன் சொன்ன அதே வரி, 2048 பக்கம், ரெட் மைனஸ் 16. ஃபிளாஷ் கார்டுக்கு டேட்டா எழுதும் நேரத்தையொட்டியே அந்த வரிகள் வருகின்றன. பஃபரை புரோபுக்கு மாற்றிவிட்டேன், அதோடு ஓப்பனில் 12 திரும்பும் இடமே இல்லாமல் போயிற்று. சிபியு விஷயமும் தோவாளைப்பூ சொன்னதுதான், ஒரு சைட்டில் கான்ஃபிக் அளவு பெரிதாக இருந்தது. இப்போது எம்மேப் 6ஐ அப்படியே விடுகிறது, புரோகிராம் அளவு தப்பு என்று லாக் எழுதி நின்றுவிடுகிறது.

குளச்சல்கரை அண்ணன் சொன்னதையும் விடவில்லை, டிரைவருக்கு ஒரு வெர்ஷன் ஐஆக்டல் சேர்த்து, பைத்தான் முதலில் அதைக் கேட்டுவிட்டு அப்புறம்தான் புதுக் கோடுகளை நம்பும். ஒன்றுதான் மிச்சம். இந்தத் தோல்விப் பாதைகளை எல்லாம் மேசையில் வைத்தே எப்படிச் சோதிப்பது? நாள்கணக்கில் காத்திருக்க முடியாதே.

குளச்சல்கரை எழுதியது:

வெர்ஷன் ஐஆக்டல் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை தம்பி. ஒன்று மட்டும், அந்த ஐஆக்டல் இல்லாத பழைய டிரைவர் ஓடும் பெட்டியில் அதைக் கேட்டால் ஈநோட்டி (இந்தக் கட்டளை இங்கே இல்லை) வரும், அதைப் பழைய வெர்ஷன் என்று எடுத்துக்கொள்ளுங்கள், தோல்வி என்று எடுக்க வேண்டாம்.

வேளிமலை எழுதியது:

சோதிக்க வழி இருக்கிறது. பைத்தான் பக்கத்துக்கு, புரோகிராமின் சிஸ்டம் கால்களைக் கவனிக்கும் எஸ்டிரேஸ் போதும், அதன் இன்ஜெக்ட் வசதியில் எந்த சிஸ்டம் கால், எத்தனையாவது அழைப்பு, எந்த எரர் என்று சொல்லிவிட்டால் கெர்னலைத் தொடாமலே அந்தக் கோடைப் புரோகிராமுக்குக் கொடுக்கும். ஓப்பனுக்கு 16, எம்மேப்புக்கு 6, 12 என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, புரோகிராம் ஒவ்வொன்றுக்கும் வேறு மாதிரி நடக்கிறதா என்று பாருங்கள்.

டிரைவர் பக்கத்துக்கு கெர்னலை ஃபால்ட் இன்ஜெக்ஷனோடு பில்ட் செய்யுங்கள். ஃபெயில்ஸ்லாப் கேமல்லாக்கைத் தோற்கவைக்கும், ஃபெயில்_பேஜ்_அல்லாக் பக்க ஒதுக்கீட்டை. எத்தனை சதவீதம், எத்தனை தடவை என்று டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் சோதனை வசதிகளை ஃபைல்களாகக் காட்டும் இடம்) எழுதலாம், ஒரு புராசஸுக்கு மட்டும் என்றும் வைக்கலாம். புரோபின் ஒவ்வொரு படியிலும் தோற்கவைத்து, அதுவரை வாங்கியதை எல்லாம் டிரைவர் சரியாகத் திருப்பிக் கொடுக்கிறதா என்று பாருங்கள், ஒரே லேபிளுக்குத் தாவுகிற பழைய டிரைவரில் அதிகமாக ஓட்டை இருப்பது அங்கேதான்.

சிஎம்ஏவுக்கு மட்டும் இவை உதவாது. சிஎம்ஏ டீபக்எஃப்எஸ் என்ற கான்ஃபிக்கைப் போட்டால் டீபக் டைரக்டரியில் ஒவ்வொரு சிஎம்ஏ பகுதிக்கும் ஒரு ஃபோல்டர் வரும். அதில் அல்லாக் என்ற ஃபைலில் பக்க எண்ணிக்கையை எழுதினால் அத்தனை பக்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஃப்ரீ என்ற ஃபைலில் எழுதினால் விடும். பகுதியை நிறைத்துவிட்டு டிரைவரை ஏற்றினால் 12 பாதை ஓடும். மேக்ஸ்சங்க் என்ற ஃபைலையும் பாருங்கள், சிஎம்ஏ கணக்கில் ஒரே தொடராக எவ்வளவு பெரிய துண்டு மிச்சம் என்று அது காட்டும், இரவல் போன பக்கங்களையும் காலி என்றே அது எண்ணும். அது 2048க்குக் குறைவாக இருந்தால் வேறு டிரைவர்கள் பகுதியைத் துண்டாக்கிவிட்டன, டிவைஸ் ட்ரீயில் தனி இடம் ஒதுக்குவதுதான் வழி. 2048க்கு மேல் இருந்தும் தோற்றால் பக்கங்களை யாரோ பிடித்திருக்கிறார்கள். களத்துக்குப் போகும் பெட்டியிலும் இந்த எண்ணை லாகில் எழுதிவையுங்கள், டவர் அடியில் இருந்து போன் வரும்போது எதைக் கேட்பது என்று உங்களுக்குத் தெரியும்.